மிளகு சென்றடைந்த துறைமுகம்: அலெக்சாந்திரியாவில் இரண்டு இரவுகள்

சென்னையிலிருந்து எகிப்துக்குச் செல்வோரில் பலர் அலெக்சாந்திரியாவுக்கு ஒரே ஒரு பகலைத்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் கெய்ரோவில் வண்டி ஏறி, கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுபவர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றுவதில் வியப்பில்லை. கி.மு. 331இல் அலெக்சாந்தர் நிறுவிய அந்தப் பழைய நகரத்தின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியிலும், ஒரு பகுதி கடலுக்கு அடியிலும் கிடக்கிறது. ஆகையால் இரண்டு இரவுகளாவது தங்கி, முதல் நாளை நிலத்தடிக்கும் இரண்டாம் நாளைக் கடற்கரைக்கும் ஒதுக்க வேண்டும்.

பயணத்தை எழும்பூரிலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து. அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தென்னிந்தியாவில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகள் உள்ளன. மிளகுக்குப் பெயர்பெற்ற பழைய சேரத் துறைமுகமான முசிறியில் ஏற்றிய சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தின் மேல் பாலைவனத்தைக் கடந்து, நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியாவின் கிடங்கை அடைந்ததையும், அங்கே அதில் நான்கில் ஒரு பங்கு வரியாகப் போனதையும், இன்று வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு (நாணல் தாள்) ஒப்பந்தம் ஒன்றிலிருந்து அறிகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு சென்றால், அந்தத் துறைமுகம் நமக்கு அயலூராகத் தோன்றாது.

மார்ச் முதல் மே வரையும், அக்டோபரிலும் போவது நல்லது. கோடையில் கெய்ரோ மக்கள் கடற்காற்றுக்காக அங்கே திரண்டுவிடுவதால் விடுதி வாடகை ஏறும். டிசம்பர், ஜனவரியில் புயல்மழை வரும், கடல்நீர் சாலையைத் தாண்டியும் தெறிக்கும். விசாவைப் புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறிக் கெய்ரோ சென்று, ராம்சேஸ் நிலையத்திலிருந்து ரயில் பிடித்தால், ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அலெக்சாந்திரியாவை அடையலாம். தாம்பரத்தில் இறங்குவதா எழும்பூர் வரை போவதா என்று நாம் யோசிப்பதுபோல் அங்கும் யோசிக்க வேண்டும்: விடுதி கிழக்குக் கரையில் இருந்தால் சீதி காபெரில் இறங்கலாம், பழைய நகரத்தில் இருந்தால் கடைசி நிலையமான மிஸ்ர் வரை போக வேண்டும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். எகிப்தில் அனுமதியின்றி அதைக் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம்.

முதல் நாள் காலை, கூட்டம் சேர்வதற்கு முன், கோம் எல் ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறைகளுக்குச் சென்றுவிடுங்கள். 1900இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால்தான் இந்த இடம் வெளிப்பட்டது என்பது அங்கே வழங்கும் கதை. 99 படிகள் கொண்ட சுழல் படிக்கட்டு கீழே இறங்குகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இதற்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். கீழே, நரித்தலைத் தெய்வமான அனுபிஸ் ரோமானியப் படைவீரனின் கவசம் அணிந்து நிற்பதைக் காணலாம். எகிப்தும் ரோமும் ஒரே சுவரில் கலந்திருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சிற்பம் அரிது. அங்குள்ள கூடம் ஒன்றில் இறந்தவரின் உறவினர்கள் கூடி அமர்ந்து உண்டார்கள். திவசச் சாப்பாட்டுக்கு இலை போட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கல் இருக்கைகளை யாரும் விளக்கத் தேவையில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ளது, ரோமானியத் தளபதி பாம்பேயின் (Pompey) பெயரால் வழங்கும் பாம்பே தூண். அஸ்வான் சிவப்புக் கருங்கல்லால் ஆன, ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள அந்தத் தூணுக்கும் பாம்பேக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது ரோமானியப் பேரரசர் டயோக்லீசியனுக்காக நிறுத்தப்பட்டது. பிற்பகலில் கிரேக்க ரோமானிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 2005இல் மூடப்பட்ட அது 2023 அக்டோபரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வெள்ளியும் சனியும் அந்நாட்டின் வார விடுமுறை என்பதால், திறப்பு நேரங்களை முந்தைய நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். பல தொல்லியல் இடங்களில் நுழைவுக் கட்டணத்தை வங்கி அட்டையால் மட்டுமே செலுத்த முடியும். பணத்தாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் கடற்கரைச் சாலைக்கு உரியது. நம் காமராஜர் சாலையைப் போன்றதுதான், ஆனால் மணற்பரப்பு குறைவு, வாகன வேகம் அதிகம். சுரங்க நடைபாதை இருக்கும் இடத்தில் மட்டும் கடந்து செல்லுங்கள். 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகத்தின் சாய்ந்த வட்டக் கூரையையும், உலக மொழிகளின் எழுத்துகள் பொறித்த கருங்கல் சுவரையும் முதலில் பார்த்துவிட்டு, வளைந்து செல்லும் கரை வழியே மேற்கே சென்றால் கைத்பே கோட்டை வரும். 14ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் வீழ்ந்த ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில், 1470களில் சுல்தான் கைத்பே எழுப்பிய கோட்டை இது. அந்தக் கலங்கரை விளக்கத்தின் பெருங்கற்களை 1990களில் சுழியோடிகள் இக்கோட்டையை ஒட்டிய கடலடியில் கண்டார்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சைவர்களுக்குப் பருப்பும் சோறும் மாக்கரோனியும் கலந்த குஷரியும், அவரை வகைக் கொட்டையை வேகவைத்த ஃபூலும் எங்கும் கிடைக்கும். ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று உடனிருந்தால் இரண்டும் இன்னும் நன்றாக இறங்கும். மீன் உண்பவர்கள் கோட்டைக்கு அருகிலுள்ள அன்ஃபூஷிப் பகுதிக்குச் செல்லலாம். அங்குள்ள மீன் உணவகங்களில் பனிக்கட்டியின் மேல் பரப்பியிருக்கும் மீனைத் தேர்ந்து, எடைபோட்டு, சுடுவதா பொரிப்பதா என்று சொல்லிவிட்டால் சோற்றோடு மேசைக்கு வரும். காசிமேட்டில் செய்வதுபோல் செவுளைத் தூக்கிப் பாருங்கள். எடை போடுவதற்கு முன்பே, சமையல் கூலி உட்பட விலை என்ன என்பதைக் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.