மூளைக் கட்டியில் டிஎன்ஏ பரிசோதனை: எந்த பிளாக், எந்த வரிசை

பயாப்ஸி ரிப்போர்ட்டில் வெறுமனே ‘கிளையோமா’ (மூளையின் துணைச் செல்களோடு தொடர்புள்ள கட்டி) என்று இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, பெரியவர்களின் கிளையோமாவுக்குப் பெயர் வைக்கவே மரபணு முடிவு வேண்டும்.

முதலில் திசு. திசுவைக் கெடாமல் காக்கும் 10% நியூட்ரல் பஃபர்ட் ஃபார்மலினில் 6 முதல் 48 மணி நேரம் ஊறினால் போதும். நாள்கணக்கில் கிடந்தால் டிஎன்ஏ துண்டாகிவிடும். சைட்டோசின் சிதைந்து, இல்லாத மாற்றத்தை இருப்பதாகக் காட்டும். நான்கைந்து பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) இருந்தால் கைக்குக் கிடைத்ததை அனுப்பாதீர்கள். செத்த திசு குறைவாக, கட்டிச் செல் நிறைந்த பிளாக்கை பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடில் பார்த்து, எடுக்கவேண்டிய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுத் தரட்டும். கட்டிச் செல் 20% தான் என்றால், மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உள்ள மாற்றம் மொத்த டிஎன்ஏவில் சுமார் 10% ஆகத்தான் தெரியும். டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்கும் பழைய சாங்கர் முறை அதைத் தவறவிடலாம். அப்படி வரும் ‘மாற்றம் இல்லை’யை நம்பவேண்டாம்.

அடுத்து ஐடிஹெச்1 ஆர்132ஹெச் சாயம்: ஐடிஹெச்1 மரபணுவில் அதிகம் வரும் மாற்றத்தைத் திசுவிலேயே காட்டும் சோதனை. நெகட்டிவாக வந்து, வயது 55-க்குக் கீழ் என்றால் ஐடிஹெச்1, ஐடிஹெச்2 இரண்டு மரபணுக்களையும் சீக்வென்ஸ் செய்தே (எழுத்து வரிசை படித்தே) ஆகவேண்டும். ஐடிஹெச் மாற்றம் இருந்து ஏடிஆர்எக்ஸ் என்ற புரதம் காணாமல் போயிருந்தால் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற வகை. ஐடிஹெச் மாற்றத்தோடு 1பி, 19க்யூ கைகள் (1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை, 19-ஆம் குரோமோசோமின் நீளக் கை) இரண்டும் முழுதாக இழந்திருந்தால் ஆலிகோடென்ட்ரோகிளையோமா. குரோமோசோமில் ஒளிரும் குறி ஒட்டிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை கையின் ஒரு சிறு பகுதியைத்தான் பார்க்கும். பாதி இழப்பும் முழு இழப்பாகத் தெரிந்துவிடும். ஆஸ்ட்ரோசைட்டோமாவில் சிடிகேஎன்2ஏ/பி மரபணுக்களின் இரு பிரதியும் போயிருந்தால், மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும் கிரேடு 4, அதாவது மிகத் தீவிரமான நிலை.

பெரியவர்களின் பரவும் ஆஸ்ட்ரோசைட்டிக் கட்டியில் ஐடிஹெச், ஹெச்3 (ஹிஸ்டோன் புரத மரபணு) மாற்றங்கள் இல்லையென்றால் டெர்ட் மரபணுவின் புரோமோட்டரில் (அதை இயக்கும் பகுதியில்) மாற்றம், ஈஜிஎஃப்ஆர் மரபணுப் பெருக்கம், 7-ஆம் குரோமோசோம் கூடி 10 குறைதல் இவற்றைத் தேடுங்கள். ஒன்று இருந்தாலே கிளையோபிளாஸ்டோமா என்ற தீவிரமான வகை.

டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் எம்ஜிஎம்டி மரபணு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது மரபணுப் பிழையல்ல, புரோமோட்டரில் ஏறிய மெத்தில் என்ற வேதிக்குறி. பல மரபணுக்களை ஒன்றாகப் படிக்கும் வழக்கமான என்ஜிஎஸ் பேனல் அதைப் பார்க்காது. தனியாக எழுதிக் கேட்கவேண்டும். மெத்தில் ஏறிய கட்டியில் டெமோசோலோமைட் என்ற கீமோ மாத்திரை நன்றாக வேலை செய்யும். கிளையோபிளாஸ்டோமா வந்த முதியவருக்கு மாத்திரை மட்டுமா, கதிர்வீச்சு மட்டுமா என்ற முடிவே இதில்தான் நிற்கிறது.

ஐடிஹெச் மாற்றம் உள்ள கிரேடு 2 கட்டிகளுக்கு, அறுவைக்குப் பின் தர வோராசிடெனிப் மாத்திரையை அமெரிக்கா 2024-இல் அனுமதித்தது. பிஆர்ஏஎஃப் மரபணுவில் வி600இ மாற்றம் இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெடினிப் மருந்து ஜோடி பற்றிக் கேளுங்கள்.

மீதி பிளாக்கைத் திரும்ப வாங்கி வையுங்கள். மறு அறுவை நடந்தால் பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல் புதுத் திசுவையும் அனுப்பச் சொல்லுங்கள்.