கதவு மூடியதும் முட்டும் மூச்சு: விமானப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், திருமங்கலத்தில் வசிக்கும் என் அத்தையை உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் அழைத்துச் சென்றேன். முதல் பயணம், வேடிக்கை பார்க்கட்டும் என்று ஜன்னலோரம் உட்கார வைத்தோம். விமானம் நகர்வதற்கு முன்பே, கதவு மூடப்படும் சத்தம் கேட்டதும், சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைப்பதும் சீட் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி மாட்டுவதுமாக அவர் தவிக்கத் தொடங்கினார். “அய்யா, கதவத் தொறக்கச் சொல்லுய்யா, மூச்சு முட்டுது” என்று என் கையைப் பற்றிக்கொண்டபோது நான் சொன்ன பதில் இன்றுவரை என்னை உறுத்துகிறது. “விமானமெல்லாம் விழாது அத்தை, பயப்படாதீங்க” என்றேன்.

அத்தை விழுவதை நினைத்துப் பயப்படவில்லை. தேர்த் திருவிழாக் கூட்டத்திலும், தரிசன வரிசையின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவிலும், ஜவுளிக்கடை லிஃப்டிலும் அவருக்கு இதே தவிப்பு வருவதுண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விமானம் விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு; நினைத்த நேரத்தில் வெளியேற முடியாதே என்ற பயம் வேறு. மருத்துவர்கள் கிளாஸ்ட்ரோஃபோபியா என்று அழைக்கும் அடைபட்ட இடத்தைக் குறித்த அச்சம் இந்த இரண்டாவது வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணி, விபத்துகள் எவ்வளவு குறைவு என்று கணக்குச் சொல்லித் தேற்றுவதுதான் குடும்பத்தார் செய்யும் முதல் தவறு. அந்தக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், மூச்சு முட்டுகிறது என்பவருக்கு அதில் பதில் இல்லை.

அவருக்குத் தேவைப்படும் பதில் காற்றைப் பற்றியது. மூடிய அறையில் இத்தனை பேர் மூச்சு விட்டால் காற்று தீர்ந்துவிடும் என்று மனம் கணக்குப் போடுகிறது. பறக்கும் விமானத்தில் ஏறத்தாழ பாதிக் காற்று வெளியிலிருந்து தொடர்ந்து உள்ளே வருகிறது; மீதி, நுண்துகள்களைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டிகள் வழியாகச் சுழன்று வருகிறது. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறிவிடுகிறது. நம் வீட்டுப் படுக்கையறையில்கூட அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கடல்மட்டத்துக்கு மேல் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்கு ஒப்பானது. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடியில் இருக்கிறது. அங்கே ஏரியைச் சுற்றி நடந்து வந்தவருக்கு விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கப் போதுமான காற்று நிச்சயம் உண்டு. காற்று உண்மையிலேயே புழுக்கமாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு: பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போதும் என்ஜின் ஓடத் தொடங்கும் முன்பும், மதுரை வெயிலில் நிற்கும் விமானத்துக்குள் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும். பெரும்பாலும் பயம் பற்றிக்கொள்வது அந்த ஐந்து பத்து நிமிடங்களில்தான். புறப்பட்டதும் இது மாறிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும், தலைக்கு மேல் காற்றுத் துளை இருந்தால் அதை முகத்துக்கு நேராகத் திருப்பிவிடுவதும் பெரிய உதவி. ஈரப்பதம் மிகுந்த நாள்களில் மேலிருந்து வெண்மையாகப் புகைபோல் இறங்குவது குளிர்ந்த நீராவிதான் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்த தவறு எல்லோரும் நல்லெண்ணத்துடன் சொல்வது: “மூச்சை நல்லா இழுத்து விடு.” அத்தைக்கும் இதைத்தான் சொன்னோம். அவர் வாயால் வேகவேகமாக இழுத்தார். சற்று நேரத்தில் விரல் நுனிகள் மதமதத்தன, உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது, தலை சுற்றியது. பயத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் இழுக்கச் சொன்னால், இரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. மதமதப்பும் கிறுகிறுப்பும் நெஞ்சு இறுக்கமும் அதனால் வருபவை. உடம்பில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே, இல்லை என்ற உணர்வு மேலும் கூடுகிறது. ஆகவே இழுப்பதை விட்டுவிட்டு, விடுவதைக் கவனிக்க வேண்டும். மூக்கால் நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை, சூடான காபியை ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து விட வேண்டும். இந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறிய பிறகு தொடங்குவதும் ஒரு தவறுதான். வீட்டில் இரண்டு வாரமாவது காலையும் மாலையும் செய்து பழகியிருந்தால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் எல்லா மூச்சுத் திணறலையும் பயம் என்று தள்ளிவிடாமல், பயணத்துக்கு முன் தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் செய்த தவறை மற்றவர்கள் செய்ய வேண்டாம். சிலருக்கு ஜன்னல் வழியே வானம் தெரிந்தால் ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் பலருக்கு, பக்கத்தில் இரண்டு பேர் வழியை அடைத்து உட்கார்ந்திருப்பதே தவிப்பைக் கூட்டிவிடும். அவர்களுக்கு நடைவழியோர இருக்கையே ஏற்றது. பயணம் ஏடிஆர் 72 வகைச் சிறு விமானத்தில் என்றால், இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள்தான். நடு இருக்கையே கிடையாது. ஏறி இறங்கும் கதவு வால் பக்கம் இருப்பதால் கடைசி வரிசைகளில் இருப்பவர்கள் முதலில் இறங்கலாம். முதல் ஆளாக ஏறி, கதவு மூடும்வரை அரை மணி நேரம் உள்ளே காத்திருப்பதையும் தவிர்க்கலாம். கைப்பை சிறியதாக இருந்தால் கடைசிச் சிலரோடு ஏறுவதில் தவறில்லை.

வெறும் வயிற்றோடு புறப்படுவதும், விமான நிலையத்தில் இரண்டு மூன்று காபி குடிப்பதும் படபடப்பைக் கூட்டும். தைரியத்துக்காக மது அருந்துவது அதைவிட மோசம். மருந்துக் கடையில் தெரிந்தவரிடம் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதைக் கடுமையாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது. அல்பிரசோலம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. மதுவோடு சேர்ந்தால் அவை மூச்சையே மந்தப்படுத்தும். வயதானவர்களை நிலைதடுமாறி விழச் செய்யும். மருத்துவர் எழுதித் தந்தாலும், முதல் மாத்திரையை ஆகாயத்தில் போட்டுப் பார்க்கக் கூடாது. அவரைக் கேட்டுக்கொண்டு வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தவருக்குத் தெரிந்தால் கேவலம் என்று மறைப்பது நம்மவர்களிடம் ஆழமாக ஊறிய தவறு. ஏறும்போதே விமானப் பணிப்பெண்ணிடம் “மூடிய இடத்தில் எனக்குப் படபடப்பு வரும்” என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்; அவர்கள் இதை அடிக்கடி பார்ப்பவர்கள். சொன்ன பிறகு, மறைக்க வேண்டுமே என்ற பாரம் இறங்குவதாலேயே பாதி இறுக்கம் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன். பயம் ஏறும்போது அதோடு மல்லுக்கட்டுவதும் வேண்டாம். இத்தகைய திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கிவிடும். “வரட்டும், இறங்கிவிடும்” என்று அதை இருக்கவிடுவதே வேகமான வழி.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இனி விமானமே வேண்டாம் என்று முடிவெடுப்பது. வைகை எக்ஸ்பிரஸில் ஏழு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து சென்னை போய்விடலாம். துபாயில் பேரன் பிறந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் மனத்துக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே பயத்துக்குத் தீனியாகிறது. மனநல மருத்துவம் காட்டும் வழி, படிப்படியாகப் பழகுவது. அத்தையும் அப்படித்தான் செய்தார். முதலில் என்னோடு ஜவுளிக்கடை லிஃப்டில் ஒரு மாடி, பிறகு தனியாக நான்கு மாடி, பிறகு ஜன்னல் மூடிய ஏசி பேருந்தில் முழுப் பயணம். பயம் உச்சத்தில் இருக்கும்போது வெளியே ஓடிவராமல், அது குறையும்வரை அங்கேயே இருப்பதுதான் இதில் முக்கியம். தனியாகச் செய்ய முடியாதவர்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஆறு மாதம் கழித்து அத்தை துபாய்க்குப் புறப்பட்டபோது, நடைவழியோர இருக்கையில் அமர்ந்து, கதவு மூடியதும் ஆறு வரை எண்ணி மூச்சு விட்டார். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் எழுந்து நடைவழியில் நெருக்கியடித்து நின்றார்கள். மூச்சு முட்டுபவர்களுக்கு விமானத்திலேயே மோசமான இடம் அந்த வரிசைதான். நானும் பழக்கத்தில் எழப் போனேன். “உக்காருய்யா, கூட்டம் போகட்டும்” என்று அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.