ரவுட்டருக்குள்ள இருக்கிற டிஎன்எஸ் புரோகிராமை செக் பண்ணுறது எப்பிடி

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ரவுணில இருக்கிற லொட்ஜ், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் வெளிநாட்டில இருந்து வந்த சனமாத்தான் இருக்கும். அவையள் உங்கட வைஃபையிலதான் பாங்க் கணக்கு பாப்பினம், டிக்கெட் மாத்துவினம். அதுக்கெல்லாம் முதல் அவையளின்ர போன் உங்கட ரவுட்டரிட்ட "இந்த சைட்டின்ர ஐபி என்ன" எண்டு கேக்கும் (ஐபி எண்டா நெட்டில அந்த சைட்டின்ர நம்பர்), பதில் சொல்லுறது உள்ளுக்க இருக்கிற ஒரு சின்ன புரோகிராம், அதுதான் டிஎன்எஸ் புரோகிராம். அதில ஓட்டை இருந்தா பக்கத்து ரூமில இருக்கிறவனே பொய்ப் பதிலைப் போட்டுவிட ஏலும். லொட்ஜ், ரியூசன் சென்ரர், கடை எங்கயும் நெட்டைப் பராமரிக்கிற பெடியள் இதை ஒருக்கா வடிவா செய்து பாருங்கோ.

முதல்ல ரவுட்டர் பேஜுக்குப் போய் டிஎன்எஸ் எண்ட இடத்தில என்ன நம்பர் இருக்கெண்டு பாருங்கோ. நீங்களும் போடேல்ல, உங்கட நெட் கொம்பனியும் குடுக்கேல்ல எண்டா ஆரோ மாத்தியிருக்கினம். ரவுட்டரை ரீசெட் பண்ணி, வரேக்க இருந்த அட்மின் பாஸ்வேர்டை அண்டைக்கே மாத்துங்கோ. கனக்கப் பேர் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாத்திப்போட்டு இதை விட்டுடுவினம்.

பேந்து என்ன புரோகிராம், என்ன வேர்ஷன் எண்டு அதிட்டயே கேக்கலாம். விண்டோஸ்ல என்எஸ்லுக்கப் எண்ட கொமாண்டைத் திறந்து, சேர்வரா ரவுட்டரின்ர ஐபியை, அனேகமா 192.168.1.1, குடுத்து, கிளாஸை கேயோஸ் எண்டும் டைப்பை டிஎக்ஸ்டி எண்டும் செட் பண்ணி, வேர்ஷன் டொட் பைண்ட் எண்ட பேரைக் கேளுங்கோ (எல்லாம் ஆங்கில எழுத்திலதான் அடிக்கோணும்: nslookup, server 192.168.1.1, set class=chaos, set type=txt, version.bind). அனேகமான வீட்டு ரவுட்டர் டிஎன்எஸ்மாஸ்க் (dnsmasq) எண்டு புரோகிராமின்ர பேரைச் சொல்லி பின்னால ஒரு நம்பர் போடும். அந்த நம்பர்தான் விசயம். 2017 ஒக்டோபரில கூகுள் ஆக்கள் கண்டுபிடிச்ச 7 ஓட்டை 2.78ல அடைபட்டுது, 2021 ஜனவரியில டிஎன்எஸ்பூக் எண்டு பேர் வச்ச இன்னொரு 7, பொய்ப் பதில் ஏத்துறது உட்பட, 2.83ல அடைபட்டுது, 2024 பெப்ரவரியில வந்த கீட்ராப் எண்ட, டிஎன்எஸ்ஸை முடக்கிற ஓட்டைக்கு 2.90 வேணும். ஆனா டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ்ல பழைய நம்பரை வச்சுக்கொண்டே பட்சை (ஓட்டை அடைக்கிற திருத்தத்தை) மட்டும் உள்ளுக்க போடுவினம், அதால அங்க நம்பரைப் பாத்துப் பயப்பிடாமல் பாக்கேஜின்ர சேஞ்ச்லொக்கை (என்ன மாத்தினது எண்ட குறிப்பை) பாருங்கோ. பதிலே வரேல்லயெண்டாலும் பாதுகாப்பு எண்டு நினைக்காதேங்கோ, வேர்ஷனை மறைச்சா ஓட்டை அடைபடாது.

பழசு எண்டா ஃபேர்ம்வேர் (ரவுட்டருக்குள்ள ஓடுற மென்பொருள்) அப்டேற் போடுங்கோ. கொம்பனி அப்டேற்றை நிப்பாட்டியிட்டுது எண்டா, என்ர அபிப்பிராயம், அந்த ரவுட்டரை நம்பி ஆக்களை நெட்டில விடக்கூடாது. ஓப்பன்டபிள்யூஆர்டி எண்ட இலவச ஃபேர்ம்வேர் ஏறுமெண்டா ஏத்துங்கோ, இல்லாட்டி ரவுட்டரில டிஎச்சிபியை (போனுக்கு ஐபியும் டிஎன்எஸ் நம்பரும் குடுக்கிறதை) நிப்பாட்டி ராஸ்பெரி பை எண்ட ஒரு சின்னக் கொம்பியூட்டரில அன்பவுண்ட் எண்ட டிஎன்எஸ் புரோகிராமும் டிஎச்சிபியும் போட்டு அதைப் பதில் சொல்ல விடுங்கோ. அதுவும் ஏலாதெண்டா டிஎச்சிபியில 9.9.9.9 மாதிரி வெளி டிஎன்எஸ்ஸை நேர போனுக்கே குடுங்கோ, அது அரைகுறைதான், ஆனா பழைய டிஎன்எஸ்மாஸ்க்கிட்ட கேக்கிறதை விட நல்லது.

பைண்ட் எண்ட டிஎன்எஸ் புரோகிராமை சேர்வரில வச்சிருக்கிற ஒஃபிஸ் எண்டா கொன்பிக் ஃபைலை திறந்து குவெரி சோர்ஸ் (query-source) எண்ட வரியைத் தேடுங்கோ, அதில போர்ட் (கேள்வி வெளிக்கிடுற வாசல் நம்பர்) 53 எண்டு இருந்தா உடன எடுங்கோ. பழைய கைட்டுகளில ஃபயர்வோலுக்காக அப்பிடி எழுதியிருக்கும், ஆனா 2008ல டான் காமின்ஸ்கி எண்ட பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினது இதைத்தான்: ஒரு கேள்வியின்ர ஐடி 65,536 நம்பருக்குள்ள ஒண்டு, போர்ட்டும் முதலே தெரிஞ்சா கள்ளப் பதில் அனுப்புறவன் அந்த ஒண்டை மட்டும் ஊகிச்சா காணும், இல்லாத சப்டொமைனா மாத்தி மாத்திக் கேட்டு எத்தினை தரமும் முயற்சி செய்யலாம். அதுக்குப் பிறகுதான் போர்ட்டையும் ஒவ்வொரு கேள்விக்கும் மாத்துற பட்ச் எல்லாருக்கும் வந்தது, அந்த ஒரு வரி அதை இல்லாமல் ஆக்கிப்போடும்.

கீட்ராப்பில ஒரே ஒரு பாக்கெட்டால பைண்ட்டை 16 மணித்தியாலம் வரைக்கும் முடக்கலாம். அதுக்காக டிஎன்எஸ்செக்கை (பதிலை டிஜிட்டல் கையெழுத்தால சரிபாக்கிறதை) ஓஃப் பண்ணாதேங்கோ, அது இருக்கிறதே கள்ளப் பதிலைப் பிடிக்கத்தான், பைண்ட் எண்டா 9.18.24 அல்லது அதுக்கு மேல போங்கோ, அன்பவுண்ட் எண்டா 1.19.1. விண்டோஸ் சேர்வரில டிஎன்எஸ் ஓடுதெண்டா 2020 ஜூலை பட்ச் கட்டாயம் இருக்கோணும், சிக்ரெட் (SIGRed) எண்ட அந்த ஓட்டை 17 வருசமா இருந்தது, சேர்வர் முழுக்க தாக்கிறவன்ர கையில போகும்.

கடைசியா, வைஃபையை விட்டு போன் டேட்டாவுக்கு மாறி, உங்கட வெளி ஐபியிட்ட ஏதும் ஒரு சைட்டின்ர பேரைக் கேட்டுப் பாருங்கோ. பதில் வந்தா ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீங்கள், உங்கட லைனை வச்சு வேற ஆரின்ரயும் லைனில பதில்களைக் கொட்டி முடக்குவினம். பைண்ட்டில ரிகேர்ஷனை (மற்றவைக்காக தேடிப் பதில் சொல்லுறதை) லோக்கல் நெட்டுக்கு மட்டும் அலோவ் பண்ணுங்கோ, ரவுட்டர் எண்டா வெளிப்பக்கத்தால வாற போர்ட் 53ஐ யூடிபி, டிசிபி ரெண்டிலயும் மறியுங்கோ, மறிச்சுப்போட்டு திருப்பி டேட்டாவில இருந்து கேட்டுப் பாருங்கோ.