பழைய காரீயக் குழிகளைப் பார்க்கப் போகும் முன்

கொழும்பிலிருந்து கேகாலை, குருநாகல் பக்கம் போனால் இறப்பர் தோட்டங்களுக்கு நடுவில் கைவிட்ட காரீயக் குழிகளைப் பார்க்கலாம். காரீயம் என்று இங்கே சொல்வது ஈயத்தை அல்ல, பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புப் பொருளை, அதாவது கிராபைட்டை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் விலை ஏறியபோது ஆளுக்கு ஆள் தோண்டி, விலை விழுந்ததும் போட்டுவிட்டுப் போனவை நிறைய. போகலவிலும் கஹட்டகஹவிலும் இன்னும் வேலை நடக்கிறது, அங்கே அனுமதியில்லாமல் போக வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, அப்போது போங்கள். முதலில் கிராம சேவகரைப் பிடித்துக் காணிக்காரர் யார் என்று கேட்டு, அவரிடம் சம்மதம் வாங்குங்கள். அப்புறம் ஊரில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஏனென்றால் குழி எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், வரைபடத்தில் தேடிப் பயனில்லை.

அநேகமான குழிகள் கிணறு மாதிரி நேராக இறங்குகின்றன. வாயைப் பன்னமும் சருகும் மூடியிருக்கும், மேலே போட்ட பலகை உளுத்திருக்கும், அதனால் நீளத் தடியால் தட்டித் தட்டி நடங்கள், விளிம்புக்குக் கிட்டப் போகாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறங்க வேண்டாம்! பம்பி நின்ற நாளிலிருந்து கீழே தண்ணீர்தான், அதற்கு மேலே ஒட்சிசன் குறைந்த காற்று தேங்கி நிற்கலாம், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலைச்சரிவில் கிடையாகத் தோண்டிய வழி கண்ணில் பட்டால், வாசலில் நின்றே டோர்ச் அடித்துப் பாருங்கள். ஈரக் காரீயம் சவர்க்காரம் போல வழுக்கும்.

சரி, உள்ளே போகாமல் என்னத்தைப் பார்ப்பது என்றால், வெளியே கொட்டிய கல் மேட்டைப் பாருங்கள், எனக்கு அதுதான் இந்தப் பயணத்திலேயே பிடித்த இடம். மழை கழுவிய கற்களுக்குள் வெள்ளி போல மினுங்கும் துண்டு ஒன்றை எடுங்கள், கையில் கனமே தெரியாது, காகிதத்தில் இழுத்தால் பென்சில் போலவே கோடு விழும். உடைந்த பக்கத்தை வெயிலில் திருப்பினால் நார் நாராக, ஊசிகளை அடுக்கி வைத்தது போல இருக்கும், பாறை வெடிப்புக்குள் நரம்பாக வளர்ந்த காரீயம் இது, உலகத்திலேயே இலங்கையில்தான் இதை வியாபார அளவில் எடுக்கிறார்கள். பக்கத்தில் மஞ்சளாகப் பளபளப்பது தங்கமல்ல, இரும்புக் கந்தகக் கல்.

பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி கனிமம் அரசாங்கத்துக்குச் சொந்தம். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், அம்புலன்ஸுக்கு 1990. கையில் ஒட்டிய கறுப்பு வெறும் தண்ணீரில் போகாது, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.