லேப்டாப்பை ஃபேக்டரி ரீசெட் செய்வது எப்படி?

லேப்டாப் ஆன் ஆகவே வெகுநேரம் எடுக்கிறது, எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அல்லது வேறு ஒருவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள். இரண்டுக்கும் ஃபேக்டரி ரீசெட், அதாவது விண்டோஸைப் புதிதாகப் போட்டு லேப்டாப்பை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது, நல்ல வழி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ரீசெட் செய்வது சுலபம்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் பேக்கப்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் உண்மையான ஃபைல் அல்ல. ஐகானின் இடது மூலையில் சின்னதாக வளைந்த அம்புக்குறி இருந்தால் அது வெறும் ஷார்ட்கட். 'கல்யாண போட்டோ' என்று பெயர் இருக்கும். சைஸைப் பார்த்தால் ஓரிரு கேபிதான். அதை காப்பி செய்தால் போட்டோ வராது. ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து, அசல் ஃபோல்டரைத் தேடி எடுங்கள். காப்பி முடிந்ததும் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

அப்புறம் பிட்லாக்கர். டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி இது. பல லேப்டாப்களில் இந்த டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். நடுவில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் கையில் இருக்க வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்து, அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

இனி ரீசெட்

சார்ஜரைச் செருகுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'ரீசெட் பிசி'யை அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் ரெக்கவரி, 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள் இருக்கும். லாகினே ஆக முடியவில்லையா? லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்'டுக்குள் இதே வசதி வரும்.

முதல் கேள்வி: 'கீப் மை ஃபைல்ஸ்' வேண்டுமா, 'ரிமூவ் எவ்ரிதிங்' வேண்டுமா? முதலாவதில் உங்கள் ஃபைல்கள் இருக்கும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்கள் போய்விடும். நீங்களே தொடர்ந்து பயன்படுத்துவதானால் இது போதும். ஆனாலும் இதை நம்பி பேக்கப்பை விடாதீர்கள். இரண்டாவதில் எல்லாமே போய்விடும்.

அடுத்த கேள்வி: விண்டோஸை இன்டர்நெட்டிலிருந்து புதிதாக இறக்கும் 'கிளவுட் டவுன்லோடு' வேண்டுமா, லேப்டாப்பில் இருப்பதையே வைத்துப் போடும் 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' வேண்டுமா? சிஸ்டம் ஃபைல்களே கெட்டுப்போயிருக்கலாம் என்று தோன்றினால் முதலாவது நல்லது. ஆனால் சுமார் 4 ஜிபி அல்லது அதற்கு மேலும் டேட்டா செலவாகும். மற்றபடி இரண்டாவதே போதும்.

வேறு ஒருவருக்குக் கொடுப்பதானால் 'சேஞ்ச் செட்டிங்ஸ்'ஸில் 'கிளீன் டேட்டா'வை 'யெஸ்' ஆக்குங்கள். நேரம் கூடும், ஆனால் அழித்த ஃபைல்களை மீட்டெடுப்பது கடினமாகிவிடும்.

சரி, 'ரீசெட்' கொடுத்தாகிவிட்டது. லேப்டாப் சில முறை ரீஸ்டார்ட் ஆகும், திரை கறுப்பாகும், சதவீதம் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும். பயந்து பவர் பட்டனை அழுத்த வேண்டாம். இங்கே பொறுமைதான் முக்கியம்.

முடிந்ததும் நாடு, மொழி கேட்கும் திரை வரும். பிறருக்குக் கொடுப்பதானால் அங்கேயே ஷட்டவுன் செய்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்த லேப்டாப்பை நீக்குங்கள். உங்களுக்கானால் லாகின் செய்து, முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்கள். வைஃபை, சவுண்ட் போன்றவை வேலை செய்யத் தேவையான டிரைவர் சாஃப்ட்வேர்களில் பெரும்பாலானவை அதிலேயே வந்துவிடும். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ், இன்டர்நெட் கிடைத்ததும் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகும்.