வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கு

சென்னை ஓ.எம்.ஆரில் வாங்கலாமா, கோவை சரவணம்பட்டியில் வாங்கலாமா என்று குழம்புகிறவர்கள் விலையையும் வாடகையையும் மட்டும் பார்க்காதீர்கள். கையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, ஃபிளாட் 60 லட்சம், மாத வாடகை 16,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,92,000, அதாவது 3.2 சதவீதம். புரோக்கர் கணக்கு இத்தோடு நின்றுவிடும். மெயின்டனன்ஸ் மாதம் 2,500 உங்கள் தலையில் என்றால் 30,000 போச்சு. சொத்து வரி 6,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் இன்னொரு 16,000. மிச்சம் 1,40,000, வெறும் 2.3 சதவீதம். பத்திரச் செலவையும் ஃபிளாட் விலையோடு சேர்த்தால் இன்னும் இறங்கும்.

இதே கணக்கை இரண்டு ஊருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு மெயின்டனன்ஸில் ஏறுமா என்று அசோசியேஷனில் கேளுங்கள். எத்தனை ஃபிளாட் காலி என்பதை மட்டும் வாட்ச்மேனிடம் கேளுங்கள், அவர்தான் உள்ளதைச் சொல்வார்!

வருமான வரியில், அந்த ஆண்டு நீங்கள் கட்டிய சொத்து வரியை வாடகையில் கழித்து, மீதியில் 30 சதவீதத்தையும் கழித்துக்கொள்ளலாம். அந்த 30 சதவீதத்துக்குப் பில் தேவையில்லை. சொத்து வரி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.