சுருள்படக் கதைவிழா: பெட்டி செய்வோரும் விழா நடத்துவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 'கிராங்கி' எனப்படும் கலைக்கு வேண்டிய பொருள்கள் மிகக் குறைவு: முன்பக்கம் சன்னல் வெட்டிய ஒரு மரப்பெட்டி, அதனுள் செங்குத்தாக நிற்கும் இரண்டு உருளைகள், ஓர் உருளையிலிருந்து மற்றோர் உருளைக்கு ஓடும் நீண்ட படச்சுருள், பின்னால் ஒரு விளக்கு. ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் கதைப்பாடலைப் பாடுவார். இதற்கென்றே பால்டிமோர் நகரின் கிரியேட்டிவ் அலையன்ஸ் அரங்கில் விழா நடத்துகிறார்கள். இத்தகைய விழாவுக்காக முதன்முறையாகப் பெட்டி செய்பவர்கள், கையிலிருக்கும் நாள்களையெல்லாம் ஓவியத்துக்கே செலவழித்துவிடுகிறார்கள். மேடையில் காலை வாரிவிடுவதோ பெரும்பாலும் உருளையும் வேகமும்தான்.

முதல் தவறு, நீளத்தின் மேல் வைக்கும் ஆசை. இக்கலையின் முன்னோடிகளான 19-ஆம் நூற்றாண்டின் நகரும் ஓவியத்திரைகள் பெரும் மண்டபங்களுக்காக வரையப்பட்டவை. 1848-இல் பெஞ்சமின் ரஸ்ஸலும் கேலப் பர்ரிங்டனும் வரைந்த திமிங்கில வேட்டைப் பயண ஓவியம் 1,275 அடி நீளமும் எட்டரை அடி உயரமும் கொண்டது. ஜான் பான்வார்ட் தம் மிசிசிப்பி ஆற்று ஓவியத்தை மூன்று மைல் நீளம் என்று விளம்பரப்படுத்தினார். அது வியாபாரிக்கே உரிய மிகை. மேசைமேல் வைக்கும் பெட்டிக்கு அந்த அளவெல்லாம் பொருந்தாது. பாட்டின் நேரத்தை முதலில் அளந்துகொள்ள வேண்டும். நான்கு நிமிடப் பாடலுக்கு நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் வேகம் என்று கொண்டால், ஆறு மீட்டர் படம் போதும். இதற்கு மேல், இரு முனைகளிலும் சன்னலின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வெற்றுத்தாள் விட வேண்டும்; விடாவிட்டால் முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் உருளையிலேயே சிக்கிக்கொள்ளும்.

படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைவது அடுத்த பிழை. வங்காளத்துப் படுவாக்கள், அதாவது படம் வரைந்து கதை பாடும் நாட்டுப்புறக் கலைஞர்கள், தம் படச்சுருளைக் கையால் விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக்காட்டிப் பாடுவார்கள். எங்கே நிற்பது என்பதை அந்த விரல் சொல்லிவிடும். கிராங்கியில் அப்படிச் சுட்ட விரல் இல்லாததால், கட்டங்கள் பாதி பாதியாகச் சன்னலில் வந்து நின்று பார்ப்பவரைக் குழப்பும். ஆகவே மலை சரிந்து ஆறாகவும், ஆறு விரிந்து கடலாகவும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்படி தொடர்ச்சியாக வரைவதே நல்லது.

திசையில் நேரும் பிழை நுட்பமானது. வரைந்து முடிக்கும் வரை கண்ணில் படாது. பார்வையாளருக்கு வலமிருந்து இடமாகச் சுருள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுருளிலேயே வரைந்த கப்பலின் முனை இடப்பக்கம் நோக்கியிருந்தால்தான் அது முன்னேறுவதாகத் தோன்றும். வலப்பக்கம் நோக்கியிருந்தால் பின்னோக்கி வழுக்குவதுபோல் இருக்கும். கப்பலைத் தனி அட்டையில் வெட்டிச் சன்னலில் அசையாமல் பிடித்து, பின்னணியை மட்டும் ஓட்டினாலோ கணக்கு நேர்மாறாகும். பெட்டிக்குப் பின்னால் நிற்பவருக்கு எல்லாமே இடவலம் மாறித் தெரியும் என்பதால், எந்த உருளையை எப்பக்கம் சுற்ற வேண்டும் என்று பெட்டியின் உட்புறத்தில் அம்புக்குறி இட்டு வைப்பது வெட்கப்பட வேண்டிய செயலன்று.

இனி உருளை. தாளின் முனை விளிம்பை உருளையின் நீளத்துக்கு இணையாக ஒட்டாமல் சிறிதே சாய்த்து ஒட்டினாலும், ஒவ்வொரு சுற்றிலும் சுருள் மேலேயோ கீழேயோ ஏறி இறங்கி, கடைசியில் பெட்டியின் ஓரத்தில் உரசிக் கிழியும். சன்னலின் இருபுறமும் வழிகாட்டிக் கம்புகள் நிறுத்தாவிட்டால், உருளை பருக்கப் பருக்கத் தாள் வரும் கோணமும் மாறும். இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பு முதல் சுற்றில் சுமார் எட்டு சென்டிமீட்டர் இழுக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள தாளில் ஆறு மீட்டரும் ஏறிய பின், ஒரே சுற்றில் பதினொன்றரைக்கு மேல் இழுக்கும். கை ஒரே சீராகச் சுற்ற, படம் மட்டும் முடிவை நெருங்க நெருங்க விரையும். கதையின் துயரமான கட்டம் அங்கேதான் வரும் என்பது வேறு சங்கடம். கம்புக்குப் பதிலாகப் பருமனான பிவிசி குழாயைப் போட்டால் இந்த வேறுபாடு பெருமளவு குறையும். தாளை விட்டுக்கொடுக்கும் உருளைக்குக் கீழே ரப்பர் வளையம் ஒன்றைச் செருகிச் சற்று இறுக்கம் கொடுத்தால், சன்னலில் தாள் தொய்யாது.

தடித்த வண்ணம் சுருளும்போது வெடித்து உதிரும். பழைய ஓவியத்திரைகள் பருத்தித் துணியில் நீர்கலந்த மெல்லிய வண்ணத்தால் தீட்டப்பட்டதற்கு இந்த வளைவுத்தன்மையும் ஒரு காரணம். கறுப்புத்தாளை வெட்டி ஒட்டுபவர்கள், பகலில் தெரியாத பசைத்திட்டுகள் விளக்கு எரிந்ததும் கறையாகத் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இணைப்புகளையும் பின்னொளியில் பார்த்தே ஒட்ட வேண்டும். சூடாகும் பழைய வகை பல்பைத் தாளருகே வைப்பது ஆபத்து. எல்இடி விளக்கே போதும், ஆனால் இடையில் வெள்ளைத்துணியோ டிரேசிங் தாளோ இல்லாவிட்டால் பல்பின் உருண்டை வெளிச்சம் படத்தின் நடுவே பளிச்சிடும்.

பாடுபவரே சுற்றவும் செய்வது தேர்ந்தவர்க்கே கைவரும். இருவராகச் செய்தால், எந்த அடியில் எந்தக் காட்சி வர வேண்டும் என்பதைத் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். படத்தில் தெரிவதையே வார்த்தையிலும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. எரியும் வீடு சன்னலில் நின்றால், பாடகர் அதற்குள் இருந்தவரைப் பற்றிப் பாடட்டும். சுற்றுவதை நடுவில் நிறுத்தவும் தயங்க வேண்டாம்.

விழா நடத்துவோர் செய்யும் பெரிய பிழை, சிறு பெட்டிக்குப் பெரிய அரங்கைப் பிடிப்பது. பத்தாவது வரிசைக்கு மேல் படம் தபால்தலையாகிவிடும். மேசையை உயர்த்தலாம், முன்வரிசைக் குழந்தைகளைத் தரையில் அமர்த்தலாம், கேமரா வழியே பெருந்திரையில் காட்டுவது கடைசி வழி, ஏனெனில் கண்கள் திரைக்குப் போய்விட்டால் கைவேலை தெரியாது. நுணுக்கமான காகித வெட்டுப் படங்களை வைத்திருப்பவர்களைச் சிறிய அறைக்கு அனுப்புவதே நியாயம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இடையே பெட்டி மாற்றவும், விளக்கு இணைக்கவும், ஒலிவாங்கியைத் தாளின் சலசலப்பு எட்டாத தூரத்தில் வைக்கவும் நேரம் ஒதுக்காமல் நிகழ்ச்சிநிரல் போட்டால், இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். மாலையில் இரண்டாம் காட்சி இருக்குமானால், சுருளை முதல் காட்சி முடிந்த உடனேயே தொடக்கத்துக்குத் திருப்பிச் சுற்றிவைக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் காலையிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.